பென்குயினுக்குப் பஞ்சாங்கம் இல்லை

அன்பு மகள் வதனிக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் உனக்குச் சுகமில்லை என்றால் நீ சொல்லமாட்டாய், சொன்னாலும் கப்பல் வந்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரியவரும். ஆகவே கேட்காமலே தொடங்குகிறேன். இந்தக் கடிதத்தை உன் யூனிவர்சிற்றி அலுவலகத்தில் கொடுத்தால் அவர்கள் அதை ஒரு பையில் போட்டு, பிளேனில் ஏற்றி, பிறகு கப்பலில் ஏற்றி, தென்துருவப் பக்கம் நிற்கும் உன் கையில் சேர்ப்பார்களாம். அங்கே மேசையில் இருந்த பெண் சிரித்துச் சிரித்து மிகவும் மரியாதையாகச் சொன்னாள். ஒரு விஷயத்தை இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் எனக்கு அதில் நம்பிக்கை குறைந்துவிடும். வழியில் யார் யார் பிரித்துப் பார்ப்பார்களோ. உறையை ஒட்டிய பிறகு ஒட்டின் மேலே குறுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது பிசகியிருந்தால் வந்து சொல். தமிழில் எழுதினால் பயமில்லை என்று அம்மா சொல்கிறார். நாங்கள் ரொறன்ரோவில் வந்து இறங்கிய அன்று, வரிசையில் நின்றபடி அம்மா ஓர் அதிகாரியின் மூக்கைப் பற்றித் தமிழில் ஏதோ சொல்ல, பின்னால் நின்ற முன்பின் தெரியாத மனிதர் சிரித்தார். அன்றிலிருந்து தமிழையும் நான் முழுதாக நம்புவதில்லை.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்தால், அப்பா ஏதோ சுற்றிவளைக்கிறார் என்று நீ நடுவிலேயே கண்டுபிடித்துவிடுவாய். உனக்குப் பேசிய மல்வேர்ன் சம்பந்தம் முறிந்துவிட்டது. அவர்கள் முறிக்கவில்லை, நான்தான் முறித்தேன். விமான நிலையத்தில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா, எனக்குச் சுதனைப் பிடிச்சிருக்கு. நான் வருமட்டும் இதைக் குழப்பிப்போடாதேங்கோ."

நான் தலையாட்டினேன். நீ தலையாட்டலை நம்பிப் போய்விட்டாய். என் மகளாக இருந்துகொண்டு எப்படி நம்பினாயோ தெரியாது. ஏன் முறித்தேன் என்று நீ கேட்பாய். அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. இருந்து ஆறுதலாக வாசி. அங்கே உனக்கு வேறு என்ன வேலை என்று கேட்கமாட்டேன், பறவைகள் காத்திருக்கும்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நீயும் அம்மாவும் சொல்லிச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ரெயிலில் ரிக்கற் பரிசோதகனாக இருந்தவன் வேறு எப்படி இருப்பான்? கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வண்டியில், ரிக்கற் இல்லாதவன் பெரும்பாலும் நித்திரை கொள்வான். உண்மையாக நித்திரை கொள்கிறவனின் வாய் திறந்திருக்கும். ரிக்கற் இல்லாதவன் வாயை அழகாக மூடிக்கொண்டு நித்திரை கொள்வான். இதை எனக்கு யாரும் படிப்பித்துத் தரவில்லை. வருஷக் கணக்காக முகங்களைப் பார்த்துப் பழகியவனுக்குப் பிறகு எல்லா முகத்திலும் ஒரு மூடிய வாய் தெரியும். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிடுகிறவர்களைக்கூட நான் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவேன்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த மனிதர் படியேறி வந்து, பயப்பட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். நல்ல மனிதர். உனக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவர். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, எங்கள் வாசற்கதவின் பூட்டைப் பார்த்தார். அது போதும் எனக்கு. அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். பானையை அப்படியே இறக்கிவைக்கச் சொல்லி, உங்கள் இருவரையும் பின் ஒழுங்கையால் கூட்டிக்கொண்டு போனேன். பின்னேரம் அந்த வீடு இல்லை. பூட்டுப் பலமாக இருக்கிறதா என்ற கவலையில்கூட அவர் பார்த்திருக்கலாம். இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவரை நம்பியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நானும் இல்லை, வாசிக்க நீயும் இல்லை. அதனால் சந்தேகத்தை ஒரு வியாதி என்று என்னிடம் யாரும் சொல்ல வரவேண்டாம். அது எங்கள் வீட்டில் சோறு போட்ட சாமான்.

அடுத்த வருஷம் உன் சித்தப்பா ஸ்பொன்சர் செய்து இங்கே வந்தோம். அஜின்கோர்ட்டில் இந்த அப்பார்ட்மென்ற் கிடைத்த அன்றே, கீழே பெயர்ப்பலகையில் இருந்த எங்கள் பெயரை எடுக்கச் சொன்னேன். எங்களைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று நீ கேட்டாய். அதுதான் தெரியாதே என்றேன். இன்றைக்குப் பனி கொட்டாது என்று ரேடியோ சொன்னால் பூட்ஸை எடுத்து வாசலில் வைப்பேன். பெரும்பாலும் நான்தான் சரியாக இருந்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவனுடைய வீட்டில் இருந்துகொண்டு நீ போன வருஷம் ரெலிபோனில் உன் சிநேகிதிக்குச் சொன்னாய்: "அவர் தேடித் தேடி ஒரு நல்ல கல்லா எடுத்துக்கொண்டு வந்து, அவவின்ரை காலடியிலை வைச்சார். அவ எடுத்தா எண்டால் சம்மதம்தானே." நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டேன். அம்மாவும் கேட்டுவிட்டார். எங்களுக்குக் கல் என்றால் தோட்டுக் கல்தானே. வெள்ளையா, சிவப்பா, எத்தனை கல் வைத்தது, எந்தக் கடை, இதுதான் எங்கள் ஆட்களின் கேள்வி. யாரோ ஒருவன் யாருக்கோ கல்லுத்தோடு கொடுத்து, அவளும் வாங்கிவிட்டாள். அந்த 'அவ' யார் என்று நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நீ சிநேகிதியின் கதையைச் சொல்வதுபோல உன் கதையைச் சொல்கிறாய் என்று நான் முடிவு செய்ய அதிக நேரம் எடுக்கவில்லை.

"ஆர் பிள்ளை கல்லுக் குடுத்தது?"

"என்ன கல்லு?"

"இப்ப சொன்னியே. காலடியிலை வைச்சவர் எண்டு."

"ஐயோ அப்பா, அது பென்குயின்."

"பென்குயினுக்கு என்னத்துக்குக் கல்லு?"

"கூடு கட்ட."

நான் நம்பவில்லை. கல்லில் கூடு கட்டும் பறவையை நான் கேள்விப்பட்டதில்லை. உலகத்தில் குச்சியும் வைக்கோலும் இருக்க, ஒரு பறவை கல்லைத் தூக்குமா? நீ கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாய். அந்தச் சனிக்கிழமையே யூனிவர்சிற்றியிலிருந்து ஒரு புரொஜெக்டரையும் ஒரு பெட்டி ஸ்லைட்டையும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தாய். அம்மாவின் வெள்ளைக் கட்டில் விரிப்பைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு எங்கள் இருவரையும் நிலத்தில் இருத்தினாய்.

உண்மையாகவே கல். கோழிமுட்டையிலும் சிறிய கூழாங்கற்கள். ஆண் பறவை ஒவ்வொன்றாகச் சொண்டில் தூக்கிக்கொண்டு வந்து வைக்கிறது. அது அடுத்த கல்லுக்குப் போன நேரம் பார்த்து, பக்கத்துக் கூட்டுக்காரன் மெல்லக் கழுத்தை நீட்டி ஒன்றைக் களவெடுக்கிறான். அந்தப் படத்தைத் திரும்பப் போடச் சொல்லி மூன்று தரம் பார்த்தேன். எனக்கு அந்தப் பறவைகளில் ஒரு மரியாதை வந்தது அப்போதுதான். அயலவனில் ஒரு கண் வைத்திருக்கவேண்டும் என்று அதுகளுக்கும் தெரிந்திருக்கிறது.

அடேலி என்ற அந்த வகைப் பென்குயின் ஒவ்வொரு வருஷமும் பழைய கூடு இருந்த அதே இடத்துக்குத்தான் திரும்பி வரும் என்றாய்.

"அதே பறவை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எல்லாம் ஒரே கறுப்புக் கோட்டுத்தானே."

"செட்டையிலை நம்பர் போட்ட வளையம் மாட்டியிருக்கு, அப்பா."

"எங்களுக்கும் வந்து இறங்கின உடனை நம்பர் தந்தவை," என்றார் அம்மா.

அந்த வளையத்தில் எனக்குத் திருப்தி. பிறகு நீ ஒரு கதை சொன்னாய், அதில் எனக்குத் திருப்தி இல்லை. அந்தப் பக்கத்தில் சூடு கூடிக்கொண்டு வருகிறதாம், அதனால் பனி அதிகமாகக் கொட்டுகிறதாம். சூடு கூடினால் பனி குறையவேண்டும், இதில் ஏதோ பிழை இருக்கிறது என்றேன். நீ பொறுமையாகச் சொன்னாய். கடலில் உறைந்து கிடந்த ஐஸ் குறைய, திறந்த கடலிலிருந்து ஈரம் எழும்பும். அந்த ஈரம் கரையில் வந்து பனியாகக் கொட்டும். "அப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைக்கினம். நிச்சயமாத் தெரியாது, அப்பா. அதைப் பாக்கத்தான் போறம்." தெரியாது என்று சொல்கிறவர்களில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. வெள்ளவத்தையில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு போட்ட படம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. அடேலி தன் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இடம் பனிக்குக் கீழே. கல் ஒன்றும் வெளியே தெரியவில்லை. அது அசையாமல் அந்தப் பனிக்கு மேலேயே நிற்கிறது. பொறுக்கமுடியாமல் பனியிலேயே முட்டையிட்டு அடைகாக்கும் என்றாய். வயிற்றுச் சூட்டில் பனி உருக, முட்டை அந்தத் தண்ணீரில் தாழும். தாய் அதை விட்டு எழும்பாது. கூழ்முட்டைக்கு மேலே நாட்கணக்காக இருக்கும். அடுத்த படத்தில் இன்னொரு வகை, தலையில் வெள்ளைத் துணி கட்டியதுபோல ஒரு பட்டையும் செம்மஞ்சள் சொண்டுமாக, ஜென்டூ என்று பெயர். அது வந்து பார்க்கும். பனி கிடந்தால் காற்றடித்து வெறுமையான மேட்டைத் தேடி நடக்கும். அங்கேயும் சரியில்லை என்றால் முட்டையிடுவதைப் பிற்போடும். முதல் முட்டை பழுதானால் சிலவேளை திரும்பவும் இடும். ஒன்று கிழமைக் கணக்கில் பிந்தினாலும் குஞ்சு பொரிக்கிறது, மற்றது சரியான நாளில் வந்தும் கூழ்முட்டையில் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு நீ புரொஜெக்டர் வெளிச்சத்தில் என்னைப் பார்த்தாய்.

"சித்தப்பான்ரை கலியாணத்திலை நாங்கள் அடேலி, அப்பா."

அம்மா சிரித்தார். எனக்குக் கோபம் வந்து எழுந்து போய்விட்டேன். சித்தப்பாவின் கலியாணத்தை நடத்தியவன் நான். தை மாதம். ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கத்தில் முகூர்த்தம் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் என்று போட்டிருந்தது. நான் அதை இந்த ஊர் நேரமாகவே எடுத்தேன். பெண்ணின் மாமன், யாழ்ப்பாணத்தில் காலை என்றால் இங்கே முதல்நாள் இரவு, அப்போதுதான் தாலி கட்டவேண்டும் என்று ஒரு கணக்குச் சொன்னார். அந்த மனிதருக்கு மண்டப வாடகையில் ஏதோ கண் என்று எனக்குப் பட்டது, விட்டுக்கொடுக்கவில்லை. அன்று விடியமுன்பே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை பட்டு வேட்டிக்குக் கீழே பனிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, தலைப்பாகையை மப்ளரால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட மண்டபத்து வாசலில் கார் தள்ளினான். ஐயர் வந்த பஸ் எங்கேயோ நின்றுவிட்டது. ஏழரை நெருங்குகிறது. வெளியே பார்த்தால் கும்மிருட்டு. நான் கதிரையில் ஏறி மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பின்னுக்குத் தள்ளினேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ.

ஐயர் புருவத்தில் பனியோடு வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "உந்த நேரம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணிச்சது. இஞ்சை அவர் இன்னும் எழும்பேல்லை. அவர் வரட்டும், பிறகு கட்டுவம்," என்று சொல்லிவிட்டுக் கோப்பி கேட்டார். சனம் முழுக்க எட்டு மணிவரை சூரியனைப் பார்த்துக்கொண்டு இருந்தது. எனக்கு ஐயர் சொன்னதிலும் சந்தேகம்தான். பஸ் பிந்தியதை மறைக்க அவர் அந்த இடத்திலேயே கட்டிய கதையாக இருக்கலாம். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். எந்த மண்ணில் நிற்கிறோம் என்று ஜன்னலைப் பார்த்த ஒரே ஆள் அன்று அவர்தான்.

பிறகு சுதனின் சம்பந்தம் வந்தது. பொருத்தம் நல்லது, பெடியன் வங்கியில் வேலை, மல்வேர்னில் சொந்த ரவுண்ஹவுஸ் வீடு. அவர்களும் தையில்தான் வைக்கவேண்டும் என்றார்கள். நீ ஐப்பசியில் போய் மாசி முடியத்தான் வருவேன் என்றாய். உண்மையைச் சொல்கிறேன், நான் அந்தப் பறவைகளைத்தான் முதலில் சந்தேகித்தேன். உலகத்தில் இத்தனை மாதம் இருக்க, கலியாண மாதத்தைப் பார்த்து அதுகள் ஏன் குஞ்சு பொரிக்கவேண்டும்? அங்கே அப்போதுதான் கோடை என்று நீ பூமிப்படத்தை விரித்துக் காட்டினாய். வைகாசியில் வைத்தால் என்ன என்று கேட்டாய். நான் சுதனின் தாய்க்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டேன். "அதுக்கென்ன அண்ணை, வைகாசியும் நல்ல மாதம்தானே," என்று அவர் உடனே சொல்லிவிட்டார். அந்த 'உடனே'தான் எனக்குப் பிடிக்கவில்லை.

பொங்கல் முடிந்த அடுத்த நாள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கையில் ஒரு பெட்டி பயற்றம் பணியாரம். அவருடைய கணவர் மேலே வரவில்லை. ஜன்னலால் பார்த்தேன், காரை நிற்பாட்டாமல் கீழேயே வைத்துக்கொண்டு இருந்தார். அதிக நேரம் எடுக்காத அலுவல் என்று விளங்கிவிட்டது. அம்மா தேத்தண்ணி போடப் போனார்.

"அண்ணை, குறை நினைக்கக்கூடாது. சனம் கதைக்குது."

"என்ன கதைக்குது?"

"ஒரு குமர்ப்பிள்ளை மாதக் கணக்கா ஆற்றை கண்ணிலையும் படாமல் எங்கையோ இருக்கிறாவெண்டால் சனம் என்ன நினைக்கும்? பென்குயின் பாக்கப் போட்டா எண்டு நான் சொல்ல, ஆக்கள் வாயைப் பொத்திச் சிரிக்கினம்."

அவர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கெண்டால் ஒண்டுமில்லை. பிள்ளை வந்த உடனை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டி, பிள்ளையிலை ஒரு பிழையுமில்லை எண்டு ஒரு துண்டு எழுதி வாங்கித் தந்தியள் எண்டால், எல்லாற்றை வாயையும் அடைச்சுப்போடலாம். எனக்குத் தெரிஞ்ச லேடி டொக்டர் ஒராள் இருக்கிறா. வெளியிலை தெரியவராது."

மகளே, அந்த நேரம் எனக்கு வந்தது கோபம் என்று நீ நினைப்பாய். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பழக்கமானது. அந்தக் குரல், அந்த இழுப்பு, "எனக்கெண்டால் ஒண்டுமில்லை" என்று தொடங்குவது, எல்லாம் நான் கண்ணாடியில் பார்க்கிற முகம். நான் உன்னைப் பற்றி நினைத்த ஒன்றை இன்னொருவர் பணியாரப் பெட்டியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டார். அது எவ்வளவு அசிங்கமானது என்று அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு கோபம் வந்தது. என்ன சொன்னேன் என்று அம்மா இப்போதும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். பென்குயினைப் பற்றித்தான் சொன்னேன். அந்தத் தாயை உட்காரவைத்து, அடேலி எப்படிப் பனிக்கு மேலேயே நின்று முட்டையைப் பழுதாக்குகிறது, ஜென்டூ எப்படி மேட்டைத் தேடி நடக்கிறது, பனி இளகும்வரைக்கும் எப்படிக் காத்திருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாசலைப் பார்த்தார். நான் விடவில்லை.

"இஞ்சை பாருங்கோ, என்ரை பிள்ளை குளிருக்கை குனிஞ்சு நிண்டு, எந்தக் கூட்டிலை எத்தினை முட்டை, எந்தக் கூட்டிலை தண்ணி எண்டு எழுதிக்கொண்டு நிக்கிறா. அதுகளுக்குப் பஞ்சாங்கம் இல்லை. காலம் மாறினால் தாங்களும் மாறுதுகள், மாறாததுகள் அழியுதுகள். எந்த மாதத்திலை பிள்ளை எங்கை நிக்கவேணும் எண்டு நீங்களும் நானும் சொல்லேலாது. துண்டு வேணுமெண்டால் பென்குயினிட்டை வாங்கிக்கொள்ளுங்கோ. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

அம்மா தேத்தண்ணியோடு வந்து, "குடிச்சிட்டுப் போங்கோ," என்றார். அவர் குடிக்கவில்லை. பணியாரத்தையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினால் அம்மா அதே இடத்தில் நின்றார். மெச்சுவார் என்று நினைத்தேன்.

"உந்தக் கேள்வியைத்தானே நீங்களும் கார்த்திகையிலை என்னட்டைக் கேட்டனீங்கள்," என்றார்.

கேட்டேன்தான். நீ போய்க் கொஞ்ச நாளில், உன்னிடமிருந்து ஒரு சேதியும் இல்லாத ஒரு காலையில், குசினியில் வைத்து அம்மாவிடம் கேட்டேன். உண்மையாகவே அவள் அங்கேதான் இருக்கிறாளா என்று. வேறு ஏதும் இருக்குமோ என்று. அம்மா அன்று தொடர்ந்து அரிசி களைந்தார். அதற்கு முந்திய கிழமைதான் நான் யூனிவர்சிற்றிக்குப் போய் உன் கட்டடத்தின் அறிவித்தல் பலகையில் உன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்திருந்தேன். பெயர் இருந்தது. பெயர் இருந்தும் கேட்டேன். இதை நீ வேறு யார் வாயாலாவது கேட்பதைவிட என் எழுத்தில் வாசிப்பது நல்லது.

அந்தக் கிழமை முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவமானத்துக்காக இல்லை. உனக்குப் பிடித்த ஒருவனை நான் வாசலோடு அனுப்பிவிட்டேன். நீ கேட்டது ஒன்று, அதையும் காப்பாற்றவில்லை. அந்தத் தாய்க்கு நான் சொன்னது சரிதான், இன்றைக்கு வந்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் சரியாகச் சொல்லி உன் வாழ்க்கையைக் குழப்பினேனா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் ரெலிபோன் அடித்தது.

"அங்கிள், நான் சுதன் கதைக்கிறன்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தேன். பக்கத்தில் தாய் நின்றால் அந்த மூச்சுக் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது, சிலர் சத்தமில்லாமல் மூச்சுவிடுவார்கள்.

"அம்மா அங்கை வந்த விசயம் எனக்கு முந்தநாள்தான் தெரியும். எனக்கு ஒரு துண்டும் வேண்டாம், அங்கிள். வதனி எப்ப வாறா எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"அது ஐஸைப் பொறுத்தது. கப்பல் உள்ளுக்கை போகவேணும்," என்றேன். பொய்யில்லை. ஆனால் தேதி கேட்டால் தேதி சொல்லக்கூடாது என்பது என் பழக்கம்.

ரெலிபோனை வைக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"மேட்டுக்கு ஏறின ஜென்டூ எல்லாம் குஞ்சு பொரிச்சிட்டுதாமோ, அங்கிள்?"

பார், வதனி. நீ சுதனோடு ரெலிபோனில் இரண்டு தரம்தான் கதைத்தேன் என்றாய். இரண்டு தரத்தில் ஒருவனுக்கு ஜென்டூவைத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அது மேட்டுக்கு ஏறும் என்பதும் தெரியுமா? தாய் சொல்லியிருப்பார் என்றால், அன்று அவர் வாசலைப் பார்த்தாரே தவிர ஜென்டூவைக் காதில் வாங்கவில்லை. உன் அம்மா சுவரில் தொங்கிய விரிப்பில் பார்த்து, இன்றைக்கும் அதைத் தாரா வாத்து என்றுதான் சொல்கிறார். பழைய நானாக இருந்தால் அந்த ரெலிபோனிலேயே அவனை விசாரித்து உண்மையை எடுத்திருப்பேன். வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, பெரும்பாலானவை பொரித்துவிட்டதாக நீ மார்கழியில் எழுதியிருந்தாய் என்று சொன்னேன். "நல்லது, அங்கிள்," என்றான். அவனுக்குச் சந்தோஷமாக இருந்ததுபோலத்தான் கேட்டது. நடித்தானோ தெரியாது. வைகாசியைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவன் நல்லவனா என்று நீ என்னிடம் கேட்காதே. பூட்டைப் பார்த்த மனிதரைப் பற்றியே எனக்கு இன்னும் தெரியவில்லை. தாயை எதிர்த்து ஒரு ரெலிபோன் எடுத்திருக்கிறான். ஒன்று எடுப்பது பெரிய காரியமில்லை. அதற்குப் பிறகும் அந்த வீட்டில் இருந்துகொண்டு எதிர்த்து நிற்பானா என்று பார். உனக்கும் அவனுக்கும் இடையில் ஒரு சங்கடம் வந்தால், பழைய இடத்திலேயே நின்று, எங்கள் வீட்டில் இப்படித்தான் என்று சொல்கிறானா, இல்லை எழும்பி நடந்து வேறு இடம் பார்க்கிறானா என்று பார். உனக்குத்தான் அதைப் பார்க்கத் தெரியும், அதைத்தானே அங்கே போய்ப் படிக்கிறாய். அவனை வேண்டாம் என்று நீ சொன்னால், நான் முறித்தது முறித்ததாகவே இருக்கட்டும். வேண்டும் என்று சொன்னால், நானே மல்வேர்னுக்குப் பஸ் எடுத்துப் போய் அந்தத் தாயோடு கதைப்பேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன். கதைப்பேன்.

நீ வந்து இறங்கும் அன்று நான் ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பேன் என்று எதிர்பார்க்காதே. அப்படி ஒரு அப்பா உனக்கு வாய்க்கவில்லை. அவனோடு உண்மையில் எத்தனை தரம் கதைத்தாய், எங்கே சந்தித்தாய், எனக்குத் தெரியாமல் இன்னும் என்ன இருக்கிறது என்று சித்தப்பாவின் காரில் ஏறமுன்பே கேட்பேன். நீ என்ன சொல்ல நினைக்கிறாயோ அதைச் சொல். அதைக் கேட்டுவிட்டு, குசினிக்குள் போய் அம்மாவிடம், இது உண்மையாக இருக்குமோ என்று கேட்கமாட்டேன்.

அப்பா